கூரை விழுந்தது பெயர் வைத்த பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'ஐன்ஷ்டூர்ட்சென்டே நொய்பௌட்டன்' என்ற ஜெர்மன் இசைக்குழுவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரண்டு இடங்களில் தவறு இருக்கிறது.

பெர்லின் காங்கிரஸ் மண்டபத்தின் கூரை சரிந்ததைப் பார்த்துத்தான் 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பெயர் வைத்தார்களாம். கூரை விழுந்தது 1980 மே 21. அவர்களுடைய முதல் கச்சேரி அதே வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதியே நடந்துவிட்டது. போருக்குப் பிறகு எழுப்பிய கட்டடங்களை அந்த ஊரில் 'நொய்பௌ' (பன்மையில் 'நொய்பௌட்டன்') என்பார்கள். மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது தினமும் காதில் விழுந்த சொல் அது.

அடுத்தது, 'இசை மரபு எதுவும் தெரியாமல் இரும்பைத் தட்டியவர்கள்' என்ற வரி. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாடகர் பிளிக்ஸா பார்கெல்ட் கேன், நொய், கிராஃப்ட்வெர்க் ஆகிய ஜெர்மன் இசைக்குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர். கேன் குழுவின் ஹோல்கர் சூகாய், இர்மின் ஷ்மிட் இருவரும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷ்டொக்ஹவுசனிடம் படித்தவர்கள். அதன் டிரம்மர் யாக்கி லீபெட்சைட் ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டே போவார். 1981-இல் வந்த நொய்பௌட்டன் குழுவின் 'கொலாப்ஸ்' ஆல்பத்தில் அந்தப் பிடிவாதம் எனக்கு அப்படியே கேட்கிறது. சத்தமும் இசைதான் என்று இத்தாலிய ஓவியர் ருசோலோ எழுதியது 1913-இல்!

நொய்பௌட்டனில் தாளம் வாசிக்கும் உன்ரூ கையில் காசில்லாமல் டிரம் செட்டை விற்றுவிட்டுத்தான் பழைய இரும்புக்குப் போனார். சரி, ஆனால் கிடைத்ததையெல்லாம் தட்டவில்லை. நான் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். கிரைண்டிங் வீலை மாட்டும் முன், ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தூக்கி, ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் மாட்டலாம். 'டொக்'கென்றால் உள்ளே வெடிப்பு. அப்படித் தட்டிக் கேட்டுப் பொறுக்கிய இரும்பு அவர்களுடையது. அவர்கள் பாட்டில் ஸ்பிரிங்கின் அதிர்வு எங்கே அடங்குகிறதோ அங்கே தகடு நுழைகிறது. தற்செயலாக இப்படி அமையாது.

அடுத்த இணைப்பில் திருத்தம் போடுங்கள். கட்டுரையாளர் 1985-இல் வந்த 'ஹால்பர் மென்ஷ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டையும் ஒருமுறை கேட்க வேண்டும். அதில் இரும்பே இல்லை, மனிதக் குரல்கள்தான்.

– ஓய்வு பெற்ற ஃபிட்டர், அம்பத்தூர்