ஸ்விட்ச் போடவிடாமல் தடுத்தவர்களுக்கு

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அப்பா, அம்மாவை மாடியில் விட்டுவிட்டு இறங்கி வருவதற்குள், தாழ்வான ஸ்டாண்டில் இருந்த என் டிஜே வேலைக்கான இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள்களும் (இசைத்தட்டைச் சுழற்றும் டெக்குகள்), அவற்றின் பாட்டைக் கலக்கும் மிக்சரும் மூழ்கிவிட்டன. அன்றிலிருந்து டிசம்பர் 31 ராத்திரி வரை என்னோடு நின்றவர்களுக்கு இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே சொல்லிவிட்டீர்கள். படித்ததும் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் ரிப்பேர் அண்ணன். கரண்ட் திரும்பி வந்த அன்று பிளக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் உங்கள் போன்: "தம்பி, ஸ்விட்ச் போடாத. நனைஞ்சதால போர்டு சாகாது, ஈரத்தோட கரண்ட் குடுத்தாதான் சாகும்." வெள்ளம் ஏறும்போது தெருவில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அதனால் சேறு மட்டும்தான் உள்ளே போயிருந்தது. சேற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு. அதோடு கரண்ட் பாய்ந்திருந்தால் போர்டின் செம்புத் தடங்கள் அரித்து, ஐசி எனும் சில்லுகளும் போயிருக்கும்.

அதற்குள் ஒரு சர்வீஸ் சென்டரில் கழற்றிக்கூடப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். 1979இல் வந்த மாடல் இது. 2010இல் உற்பத்தியை நிறுத்தி, 2016இல் இதே வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தபோது மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். என்னுடையது போனால் போனதுதான்.

அண்ணன், இசைத்தட்டு உட்காரும் வட்டமான பிளாட்டரைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் ஒட்டியிருக்கும் காந்த வளையம்தான் மோட்டாரின் சுழலும் பாதி. மறுபாதியான காயில்கள் கீழே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வண்டல். போர்டை நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் ஐசிகளின் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, மூன்று நாள் ஃபேனுக்கு அடியில் வைத்தார். அதன் பிறகும் நேராக பிளக்கில் சொருகவில்லை. 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பைத் தாண்டித்தான் டெக்குக்குப் போகும்படி, போட்டுக் கரண்ட் கொடுத்தார். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். எரியவில்லை. டெக்கில் சுழலும் வேகத்தைப் பார்க்க உதவும் ஸ்ட்ரோப் விளக்கு சிவப்பாக வந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

முதல் டெக்கில் ஒரு பக்கம் சத்தமே இல்லை, கூடவே 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஊசி மாட்டிய முனையான ஹெட்ஷெல்லை அடுத்த டெக்குக்கு மாற்றிப் பார்க்கச் சொன்ன தம்பிக்கு நன்றி. அங்கே இரண்டு பக்கமும் பாடியது. ஊசியோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துபோனது. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்முக்கு அடியில் ஒயர்கள் சேரும் சின்ன போர்டில் சோல்டர் பச்சை பூத்திருந்தது, எர்த் ஒயரும் அறுந்திருந்தது. இரண்டையும் புதிதாகப் பற்றவைத்ததும் இரைச்சல் அடங்கியது.

இரண்டாவது டெக்கில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரைத் தொட்டாலே வேகம் எகிறியது. எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. கோயம்புத்தூர் நண்பரே, உங்களிடம் பழுதாகிக் கிடந்த டெக்கிலிருந்து ஸ்லைடரைக் கழற்றி, ஒரு டெக்கிலிருந்து மறு டெக்குக்குப் பாட்டை மாற்றும் கிராஸ்ஃபேடரையும் மிக்சருக்காகச் சேர்த்து, அன்று இரவே பஸ் பார்சலில் போட்டுவிட்டீர்கள். பணம் என்று பேச்செடுத்ததற்கே கோபித்துக்கொண்டீர்கள்.

மாடிவீட்டு அக்கா, உங்கள் ஹால் முழுக்க என் இசைத்தட்டுகள் காய்ந்தன. பிள்ளைகள் தாண்டித் தாண்டி நடந்தார்கள், ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. நடுவில் ஒத்துக்கொண்டிருந்த கல்யாண ரிசப்ஷனுக்குத் டர்ன்டேபிள் இல்லாமலே பாட்டுப் போட உதவும் தன் கன்ட்ரோலரையே கொடுத்தனுப்பிய சக டிஜே, அன்று உனக்கும் வேலை கிடைத்திருக்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 31 இரவு இரண்டு டெக்கும் பாடின. வேகம் சரியாக இருப்பதற்கு அடையாளமாக, ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் பிளாட்டர் ஓரத்துப் பெரிய புள்ளி வரிசை அசையாமல் நின்றதைப் படம்பிடித்து முதலில் அண்ணனுக்குத்தான் அனுப்பினேன். பாகங்களுக்கான காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர் சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் ஒரு சீரிஸ் பல்பு போர்டு செய்து வைத்திருக்கிறேன். யாருடைய மிக்சரோ ஆம்ப்ளிஃபயரோ நனைந்திருந்தால், ஸ்விட்ச் போடாமல் எடுத்து வாருங்கள்.