டவர்களுக்கும் தாளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல டவர்கள் கூடி ஒரே போனுக்கு சிக்னல் தரும் முறை பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் கூடுவதில் இருக்கும் பெரிய சிரமத்தை, அதாவது எல்லாம் ஒரே தாளத்தில் ஒத்துப்போவதை, தொடாமலே விட்டுவிட்டீர்கள்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் வள்ளி கும்மி நடக்கும். ஒலிபெருக்கிக்கு 100 மீட்டர் தள்ளி, கடைசி வரிசையில் ஆடுகிறவர்களுக்குப் பாட்டு 0.3 விநாடி தாமதமாகத்தான் கேட்கும். காதை மட்டும் நம்பித் தட்டினால் கும்மி கலைந்துவிடும். முன்னால் ஆடுகிறவர் கையைப் பார்த்துத்தான் தட்டுவார்கள். டவர்களுக்கும் அதே பாடுதான். ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசிக் கேட்கிற 4ஜி, 5ஜி டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அவற்றின் கடிகாரங்கள் 3 மைக்ரோவிநாடிக்கு (ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு) மேல் விலகக் கூடாது. விலகினால் ஒன்று கேட்கிற நேரத்தில் இன்னொன்று கத்தும். அதற்காகவே ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடம் நேரம் வாங்கிக்கொள்கின்றன. கூடி ஒரே போனுக்கு அனுப்பும்போது இன்னும் நுணுக்கம் வேண்டும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 13 செ.மீ. இரண்டு டவர்களின் அலைகள் அதில் பாதி, அதாவது ஆறரை செ.மீ., முன்பின்னாக வந்து சேர்ந்தாலே ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

நான் விவசாய மோட்டார்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர், அதாவது போனில் கூப்பிட்டால் மோட்டாரை ஓட்டிவிடும் பெட்டி, மாட்டிக்கொடுக்கிறவன். போன வருடம் ஒரு மஞ்சள் காட்டில் ஒரு வாரமாக ஸ்டார்ட்டர் போனை எடுக்கவே இல்லை. மும்முனை கரண்ட் வந்தால், வயதான தோட்டத்துக்காரர் நடுராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டார். சிம்மை மாற்றினேன், ஆன்டெனாவை உயர்த்தினேன், பலனில்லை. அப்புறம்தான் பக்கத்துத் தோட்டத்து மாடியில் ஆன்லைனில் வாங்கிய சிக்னல் பூஸ்டர், அதாவது டவர் சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி, கண்ணில் பட்டது. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கீச்சிடுமே, அதேபோல அதன் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றின் சத்தத்தை ஒன்று வாங்கி, டவர் பக்கம் ஓயாமல் இரைச்சலை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அண்ணனிடம் பேசினோம். அவருக்கு இது தெரியவே தெரியாது, பாவம், உடனே கழற்றிவிட்டார். அன்று மாலை முதல் ரிங்கிலேயே மோட்டார் ஓடியது.

கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் நாங்கள். முறை தப்பி மடை திறந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அதைப் பற்றி அடுத்த இதழில் ஒரு பக்கம் எழுதுங்கள். வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்