வேம்பை அவசரப்படுத்தாதே

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் சுகம். பெரியப்பாவுக்குக் கால்வலி தேவலாம். கடிதம் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள்.

ஐப்பசிக் காற்றில் கொல்லை வேம்பு சாய்ந்ததையும், அதிலேயே கதவு செய்து தையில் குடிபோகப் போகிறாய் என்பதையும் மணி சொன்னான். வேண்டாமடா! எதிலும் உனக்கு அவசரம். பள்ளிக்கூடத்து இலந்தைப் பழத்திலிருந்தே அப்படித்தான்.

மரத்தில் குறையில்லை. வைரம் பாய்ந்த வேம்பைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் பச்சைப் பலகை காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், இணைப்பு விட்டுப்போகும், கதவு முறுக்கிக்கொள்ளும்.

அறுப்பதை மட்டும் தள்ளிப்போடாதே, பச்சையில்தான் சுலபம். அறுக்கிறவர்கள் மூக்கில் துண்டு கட்டட்டும், தூள் நெடி தாங்காது. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போய் வெடிப்பு விழும். இரண்டு முனையிலும் பழைய பெயிண்டைத் தடிமனாகப் பூசு. நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி மேலே பாரம் வை. ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் ஒன்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளையும். ஓரங்குலப் பலகைக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. ஒரு துண்டை வாராவாரம் நிறுத்துப் பார். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது.

மரத்தின் நடுச் சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றான் மணி. சுற்றளவில் கால்பாகத்தை அதே அளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி. அதில் வெள்ளையை, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரத்தை, கழித்துவிடு, வண்டு முதலில் அதில்தான் இறங்கும். 7-க்கு 3½ அடி நிலை ஒன்று, 5-க்கு 3 அங்குலக் கட்டையில் அடிக்கட்டையும் சேர்த்துச் செய்தால், 2 கன அடிக்கு மேல் இழுக்கும். இருக்கிற மரம் எல்லாவற்றுக்கும் வராது, தைக்குள் காயவும் காயாது. அதனால் தலைவாசலுக்குக் காய்ந்த மரமாக வாங்கு. வேம்பு ஜன்னலுக்கும் உள்கதவுக்கும் இருக்கட்டும்.

வேம்பில் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை எதிராகவும் சாய்ந்து ஓடும். இழைப்புளி ஒருபக்கம் வழவழவென்று போகும், மறுபக்கம் பிய்த்தெடுக்கும். அலகை நன்றாகத் தீட்டி மெல்லிசாக இழைத்து, மிச்சத்தை உப்புத்தாளில் முடிக்கச் சொல். தேக்கின் பளபளப்பை எதிர்பார்க்காதே. கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் (பலகை செருகும் பள்ளத்தில்) பசை போட்டு ஒட்டவிடாதே, மழைக்காலத்தில் உப்ப இடம் வேண்டும்.

மிஞ்சிய துண்டில் உன் தங்கைக்கு ஒரு துணிப்பெட்டி செய்துகொடு. அறுக்கும் நாளை மணியிடம் சொல்லியனுப்பு, வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராசு