இரணைதீவில் எங்களுக்கு நான்கு இரவுகள் தந்தவர்களுக்கு

முழங்காவில், கரையோர இரணைமாதா நகர், கடலுக்குள் இருக்கும் இரணைதீவு உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம். இவர் மேசன், நான் வீட்டோடு தையல். போன ஆவணியில் மடுத் திருவிழா முடிந்து ஏ-32 வீதியால் வரும்போது மோட்டார் சைக்கிள் நின்றுபோய், முழங்காவிலுக்குக் கிட்ட வெயிலில் நின்ற இரண்டு பேரும் நாங்கள்தான். ஒருவருடைய பெயரையும் இதில் போடவில்லை. வாசிக்கும்போது இது தனக்குத்தான் என்று அவரவருக்கு விளங்கும்.

முதல் நன்றி கராஜ் தம்பிக்கு. எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "இறுகிப்போச்சு அக்கா. சாமான் கிளிநொச்சியிலயிருந்துதான் வரவேணும், மூன்று நாளாவது செல்லும்" என்றீர்கள். பஸ்ஸுக்குப் போவோமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்க, இரணைமாதா நகரில் தெரிந்த ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டது நீங்கள். இருக்கிறார் என்றதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, உங்கள் சைக்கிளில் முதலில் என்னையும் பிறகு இவரையுமாக இரண்டு தரம் ஏற்றி இறக்கினீர்கள். எண்ணெய்க் காசும் வாங்கவில்லை.

அந்தத் தெரிந்த ஆள், அக்கா. 2009இல் மெனிக்பாம் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம். தண்ணீர் வரிசையில் என்னுடைய வாளியையும் தன்னுடைய வாளிக்குப் பின்னால் வைத்து இடம் பிடித்துத் தந்தவர். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்களுக்குள் போன் கதை மட்டும்தான். முன்னறிவித்தல் இல்லாமல் படலையில் போய் நிற்க, என்ன ஏது என்று கேட்காமல் உலையில் இன்னும் ஒரு சுண்டு அரிசியைப் போட்டார். இரவு சாப்பிட்டு முடித்து, "நாளைக்கு நாங்கள் தீவுக்குப் போறம். சைக்கிள் வருமட்டும் இஞ்ச இருந்து என்ன செய்யப் போறியள், வாங்கோவன். பின்னேரம் திரும்பலாம்" என்றார்.

பின்னேரம் திரும்பவில்லை. அதுதான் இந்த மடலுக்கே காரணம்.

எங்களுக்குக் கலியாணம் நடந்தது 2008 ஆவணியில். தாலி கட்டிய சூடு ஆறுவதற்குள் தர்மபுரம், பிறகு விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு என்று ஓட்டம். தறப்பாள்தான் முதல் வீடு. பிறகு முகாம், பிள்ளைகள், வீட்டுத்திட்டம், கடன். இரண்டு பேருமாக ஓரிடத்தில் போய் நின்றோம் என்று சொல்ல இந்தப் பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட இல்லை. அதற்காக நான் ஏங்கியதும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்றே நினைத்ததில்லை.

மறுநாள் தீவில் போய் இறங்கினோம். மத்தியானம் சோளகக் காற்று எழும்பியது. படகு அண்ணா கரையில் நின்று கடலைக் கனநேரம் பார்த்தார். "தனிய எண்டால் நான் போயிடுவன். உங்களை ஏத்திக்கொண்டு விடமாட்டன். காத்து விழட்டும்" என்றார். அண்ணா, அன்றைக்கு உங்களில் எனக்குக் கொஞ்சம் கோபம். பிள்ளைகள் பரந்தனில் மாமியோடு. தைத்துக் கொடுக்க வேண்டிய சாமத்தியவீட்டுச் சட்டைகள் வெட்டியபடி கிடக்கின்றன. இரவு அலை இரைந்த இரைச்சலைக் கேட்ட பிறகுதான் நீங்கள் எங்களை எதிலிருந்து காப்பாற்றினீர்கள் என்று விளங்கியது. காற்று விழ நான்கு இரவு எடுத்தது.

எங்களிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு அம்மா தன்னுடைய சேலை ஒன்றையும் ஒரு சாரத்தையும் கொண்டுவந்து தந்தார். சேலை புதிது, மடிப்புக்கூட உடையவில்லை. இன்னொரு குடும்பம் தாங்கள் படுக்கும் கொட்டிலைக் கூட்டி, பாய் விரித்து எங்களிடம் விட்டுவிட்டு மாதா கோயிலடிக்குப் படுக்கப் போனது. நாங்கள் மறுத்த மறுப்பெல்லாம் எடுபடவில்லை.

நண்டு வலை தெரிவதை, வலையில் சிக்கிய நண்டைக் கழற்றி எடுப்பதை, அங்கேதான் கிட்ட இருந்து பார்த்தேன். வலை நூல் காலுக்குள் நாலைந்து சுற்றுச் சுற்றியிருக்கும். அக்கா நண்டைப் பின்பக்கத்தால் பிடித்து, இழுக்காமல், நூலை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி எடுத்தார். கால் முறிந்தால் விலை இறங்கிவிடுமாம். நானும் ஒன்றை எடுத்தேன். ஊசியில் நூல் கோர்க்கிற கைதானே என்று நினைத்தேன், கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. அந்த நண்டை விற்காமல் எனக்கே கறியாக்கித் தந்தார்கள். சொதியும் புட்டும் நண்டுக்கறியுமாக இவர் சாப்பிட்ட சாப்பாட்டை வீட்டில் நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள் அக்கா தன்னுடைய பழைய வீட்டைக் காட்டினார். கூரை இல்லை, சுவர் இடுப்பளவு. உள்ளே பூவரசு முளைத்து நிற்கிறது. "இது எங்கட குசினி" என்று ஒரு மூலையில் போய் நின்றார். 1992இல் சண்டையால் தீவுச் சனம் எல்லாரும் விட்டுப் போனது. சண்டை முடிந்தும் தீவு கடற்படையிடம் இருக்க, 2017 மே முதலாம் திகதி இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கி, அடுத்த வருடம் ஏப்ரல் 23இல் தாங்களே படகுகளில் ஏறி வந்து இறங்கினார்கள். இருபத்தாறு வருடம். 2021இல் கொரோனாவில் இறந்தவர்களை இங்கே கொண்டுவந்து புதைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அதற்கு எதிராக இந்தச் சனம் திரண்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தையல் மெஷினில் இருந்து செய்தியில் கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்திருப்பேன். அந்த மண்ணிலேயே ஒருநாள் எனக்குப் பாய் விரிப்பார்கள் என்று தெரியாது.

இவருக்குக் கை சும்மா இராது. அக்காவின் குசினிச் சுவரில் விழுந்த கற்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். சேலை தந்த அந்த அம்மா வந்து கல்லைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "தம்பி, கல்லு முப்பது வருசமா உதில கிடக்கு, இன்னும் கிடக்கும். நீ போய் அவளோட கடலில நில்" என்றார்.

போய் நின்றோம். அந்தப் பக்கத்தில் கடல் கன தூரத்துக்கு முழங்காலளவுதான். அடியில் மணலின் வரி தெரியும், நடக்க நடக்கச் சின்ன மீன்கள் காலில் முட்டி விலகும். மேற்கே பொழுது விழுமட்டும் நின்றோம். முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம், பிறகு கடனைப் பற்றி. அப்புறம் இவர் 2009 பற்றி, என்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அது எங்களோடு இருக்கட்டும். அம்மா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பின்னேரத்துக்காக உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பரந்தனில் நான்கு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, போனில் "நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்று மட்டும் சொன்ன மாமிக்கு நன்றி. கோழிக்குத் தீன் வைத்த பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கும் நன்றி. சட்டை பிந்தியும் கோபிக்காமல், "கடைசி நாளைக்குத் தந்தாலும் சரி" என்ற அந்தத் தாய்க்கு நான் கூலி குறைத்திருக்க வேண்டும். அவர் விடவில்லை.

புறப்படும் காலையில் பாய்க்குக் கீழே காசு வைத்துவிட்டு வந்தோம். கராஜில் சைக்கிளை எடுக்கும்போது தம்பி ஒரு கருவாட்டுப் பார்சலும் தந்தார், படகு அண்ணா கொடுத்துவிட்டதாம். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பொலித்தீனில் சுற்றி அதே தாள்கள், ஒன்றும் குறையவில்லை. காசு எடுபடாது என்று அப்போது விளங்கியது. அதனால்தான் எல்லாரும் பார்க்க இதை எழுதுகிறேன்.

இவர் மாரிக்குப் பிறகு, கடல் அமர்ந்ததும் வருவார். சாந்தகப்பையும் தூக்குக்குண்டும் கொண்டுதான் வருவார், அக்கா. அந்தக் குசினிச் சுவரை ஒருவரும் மறிக்க வேண்டாம்.

அம்மா, உங்கள் சேலையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பொருத்தமாக ஒரு சட்டையும் தைத்தாயிற்று. அளவு கேட்க வழியில்லை, கண்ணால் எடுத்த அளவு. இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துக்கொள்ளுங்கோ.