டீசல் இஞ்சின் வாங்கல தம்பி, பிரேக்குதான் போட்டோம்

தம்பிக்கு அம்மா எழுதுறது. நல்லாருக்கியா. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அப்பாவுக்கு மட்டும் மழை ஆரம்பிச்சதுலேர்ந்து முட்டி வலி கொஞ்சம் கூடுதல். நெட்டு வருது போகுது, வாய்ஸ்ல பேசுனா பாதி பேச்சு முழுங்கிருது, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், டீ குடிக்கிறப்ப படி.

நீ அனுப்புன காசு வந்துருச்சு. ஆனா நம்ம பழைய வில்லிஸ் ஜீப்புக்கு நீ சொன்ன டீசல் இஞ்சின் வாங்கல. காசெல்லாம் பிரேக்கு, வயரிங்கு, அடித்தகடு, சீட் பெல்ட்டுன்னு போச்சு. நீ கோவிச்சுக்குவேன்னு தெரியும், உங்கப்பாவுக்கும் தெரியும், அதனாலதான் "நீயே பக்குவமா சொல்லிரு"ன்னு என் தலையில கட்டிட்டு லேத்துப் பட்டறைக்குப் போயிட்டாரு. பக்குவமா எல்லாம் எனக்கு வராது, உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன்.

ரங்கூன்ல டொயோட்டா டீசல் செகண்ட் ஹேண்டுல கிடைக்குது, தூக்கி வெச்சா ஜீப்பு பறக்கும்னு உன் கூட்டாளி சொன்னான்ல, அவன் இஞ்சின மட்டும் பாக்குறான். நம்ம வில்லிஸ் இஞ்சின் 2.2 லிட்டரு, புதுசா இருந்தப்பவே 60 குதிரை சக்திதான். கியர்பாக்ஸு அந்த சக்திய தாங்குறதுக்குன்னு செஞ்ச மூணு கியர் பெட்டி, அதுல டீசலோட இழுவைய குடுத்தா பல்லு கொட்டிரும். சரி கியர்பாக்ஸையும் மாத்துன்னா வர்றது நீளமான பெட்டி, நம்ம ஜீப்புக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 80 இஞ்சிதான் இடைவெளி, பெட்டி நீண்டா பின் சக்கரத்துக்கு சக்தி கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டு குட்டையா போயி செங்குத்தா நிக்கும், ஜாயிண்ட்டு கையில வந்துரும். முன்பக்கம் கனம் கூடுதுன்னு ஸ்பிரிங் பட்டைய மாத்தணும், ஸ்டியரிங்கு இழுக்கும், இம்புட்டும் பண்ணி முடிச்சு பாத்தா நிறுத்துறதுக்கு அதே 9 இஞ்சி டிரம் பிரேக்கு. வேகமா ஓடுறதுக்கு ஆயிரம் செலவு, நிக்கிறதுக்கு வழியில்ல. இதத்தான் நான் உங்கப்பாகிட்ட கேட்டேன், அவரு நாலு நாளா மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு இருந்ததும் அதேதானாம், ஆம்பளைங்க வாயத் தொறந்து சொன்னாத்தான என்ன.

உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல, நீ அப்ப ரொம்ப சின்னவன், பகோடா மலை மேலேர்ந்து எறங்குறோம், பின் சக்கரத்துக்கிட்ட ஒரே ஒரு பைப்பு வெடிச்சுது, அவ்வளவுதான், பெடலு தரையில போயி ஒட்டிக்கிச்சு. ஏன்னா பெடல மிதிச்சா பிரேக்கு ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல அந்தக் காலத்துல ஒரே அறைதான், நாலு சக்கரத்துக்கும் அதுலேர்ந்துதான் ஆயில் போகும், எங்க ஒழுகுனாலும் நாலும் போச்சு. உங்கப்பா கியர குறைச்சு ஹேண்ட் பிரேக்க இழுத்தாரு. அந்த ஹேண்ட் பிரேக்கு சக்கரத்த புடிக்கிறதில்ல, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவைய பிரிக்கிற பெட்டி இருக்கே, டிரான்ஸ்ஃபர் கேஸு, அதுக்குப் பின்னாடி ஷாஃப்ட்ட புடிக்கிறது, அதனாலதான் அன்னைக்கு வண்டி நின்னுச்சு. உன்ன நான் எப்படி புடிச்சிருந்தேன்னா உன் கையில ரெண்டு நாளைக்கு தடம் இருந்துச்சு. நீ சிரிச்சுக்கிட்டே இருந்த, இன்னொரு வாட்டி போலாம்னு வேற கேட்ட.

அதனால மொதல்ல பிரேக்கு. மாஸ்டர் சிலிண்டரு ரெண்டு அறை வெச்சது, ஜப்பான் காருலேர்ந்து எடுத்தது, முன் சக்கரத்துக்கு ஒண்ணு பின் சக்கரத்துக்கு ஒண்ணு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு புடிக்கும். முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக்கு. அதுல ஒரு அதிர்ஷ்டம் பாரு, வில்லிஸ்ல வீல் போல்ட்டு அஞ்சு, அந்த வட்டத்தோட அளவு அஞ்சரை இஞ்சி, மில்லிமீட்டர்ல சொன்னா 139.7. சுசுகி ஜிம்னிக்கும் அச்சா அதே அளவு. அதனால சுசுகி டிஸ்க்க எடுத்து லேத்துல நடு ஓட்டைய மட்டும் சரி பண்ணி, டிஸ்க்க ரெண்டு பக்கமும் அமுக்குற காலிப்பர புடிச்சு நிக்கிறதுக்கு கனத்த பிளேட்டுல பிராக்கெட்டு வெட்டுனாங்க. உங்கப்பா மொதல்ல சோத்து டப்பா அட்டையில வெட்டி மாட்டிப் பாத்து, அப்புறம் மெல்லிசு தகட்டுல, அப்புறம்தான் இரும்புல.

இன்னொரு விஷயம், இது யூடியூப்ல தாய்லாந்துக்காரன் ஒருத்தன் காட்டித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. மாஸ்டர் சிலிண்டரு டிரைவர் காலுக்குக் கீழ, சேசிஸ்ல இருக்கு, சக்கரத்துல இருக்கிற சிலிண்டர விட தாழ்வா. வண்டி சும்மா நிக்கறப்ப ஆயில் திரும்பி மாஸ்டர் சிலிண்டருக்கே எறங்கிரும், அடுத்து மிதிக்கறப்ப மொத மிதி காத்து மாதிரி போகும். அதுக்குன்னு பைப்புல கொஞ்சம் அழுத்தத்த புடிச்சு வெக்கிற குட்டி வால்வு போடணும், டிஸ்க்குக்கு 2 பவுண்டு அழுத்தம், டிரம்முக்கு 10 பவுண்டு. மாத்திப் போட்டா முன் பிரேக்கு விடாம உரசிக்கிட்டே இருக்கும். ரெண்டு வால்வும் பாக்க ஒரே மாதிரி, கலருதான் வேற, நான் நெயில் பாலிஷால ஒண்ணுல புள்ளி வெச்சுட்டேன்.

பிரேக்கு பைப்புல சிக்குன காத்த வெளிய எடுக்குறது என் வேலை. நான் மேல சீட்டுல, அவரு கீழ சாக்கு விரிச்சுப் படுத்துக்கிட்டு, "மிதி... மிதி... இப்ப புடிச்சுக்க, விடாத, விடாதங்கிறேன்ல"ன்னு கத்துவாரு, பைப்புலேர்ந்து கண்ணாடி பாட்டில்ல நுரை நுரையா வரும், அப்புறம் முட்டை முட்டையா வரும், கடைசில சுத்தமா தேன் நெறத்துல ஒழுகும். பக்கத்து வீட்டுப் பையன், மொன் இனத்துக்காரன் ஒருத்தன் கூடமாட இருக்கான், அவனுக்கு தமிழ் தெரியாது ஆனா இப்ப "விடாத"ன்னா என்னன்னு நல்லாத் தெரியும்.

வயரிங்கு முழுக்க நான். ஊர்ல யாருகிட்டயும் சொல்லாத, சொன்னா எல்லா வீட்டு ஃபேனும் நம்ம வாசலுக்கு வந்துரும். உங்க தாத்தா ரேடியோ ரிப்பேர் பண்ணப்ப பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்ட ஈயம் பத்தவைக்கிற வேலை, இப்பத்தான் உருப்படியா உதவுது. இந்த ஜீப்பு 6 வோல்ட்டு. அதுதான் ராத்திரியில மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி எரிஞ்சுது. 45 வாட்டு பல்புக்கு 6 வோல்ட்டுல ஏழரை ஆம்பியர் ஓடணும், 12 வோல்ட்டுன்னா நாலுகூட வேணாம், அதனால வயரு துருப்புடிச்ச எடத்துல எல்லாம் 6 வோல்ட்டு பாதி வழியிலயே செத்துரும். டைனமோவ கழட்டிட்டு சின்ன ஆல்டர்னேட்டர் போட்டோம், கொயிலு பல்பு எல்லாம் 12க்கு மாத்துனோம், செல்ஃப் மோட்டார மட்டும் மாத்தல, அது 6 வோல்ட்டு மோட்டாருதான் ஆனா ரெண்டு செகண்டு சுத்துறதுக்கு 12 தாங்கும், முன்ன மொனகிக்கிட்டே சுத்துனது இப்ப உதறிக்கிட்டு சுத்துது. நீண்ட நேரம் அமுக்கிப் புடிக்கக் கூடாது, அவ்வளவுதான், வந்தா நீயும் அமுக்கிப் புடிக்காத. டாஷ்ல இருக்கிற அஞ்சு மீட்டர்ல பெட்ரோல் மீட்டரு ஒண்ணுக்குத்தான் வோல்ட்ட குறைச்சுக் குடுக்கணும், ஆயில் மீட்டரும் சூடு காட்டுறதும் பைப்புல வேலை செய்யுறது, ஸ்பீடா மீட்டருக்கு கேபிளு, ஆம்பியர் மீட்டருக்கு எந்த வோல்ட்டா இருந்தாலும் ஒண்ணுதான்.

பழைய வயரு துணி சுத்துனது, தொட்டா பொடியா கொட்டுச்சு. அது எங்க போச்சு தெரியுமா, டிரைவர் சீட்டுக்கு அடியில. அங்க என்ன இருக்கு, பெட்ரோல் டாங்க்கு! இத்தன வருஷமா உங்கப்பா அது மேலதான் உக்காந்து சுருட்டு வேற குடிச்சிருக்காரு. இப்ப வயரு எல்லாம் எதிர்ப்பக்க சேசிஸ் ஓரமா ரப்பர் குழாய்க்குள்ள போகுது, ஃபியூஸ் பெட்டி ஒண்ணு வெச்சாச்சு, ஹெட்லைட்டுக்கு ரிலே. சுருட்டுக்கு தடை, அது தனி சண்டை.

அடித்தகடு பத்தி சொல்லணும். நம்ம மோல்மேன் மழை உனக்குத் தெரியாததா, வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊரு. பாடிக்குக் கீழ நீளவாக்குல தாங்குற தகட்டு வாய்க்கா இருக்குல்ல, அதுக்குள்ள அமெரிக்காக்காரன் மரக்கட்டைய வெச்சிருக்கான், கெட்டியா இருக்கட்டும்னு. மரம் தண்ணியக் குடிச்சு வெச்சுக்கும், வெளிய விடாது, சுத்தி இருக்கிற இரும்பு உள்ளேர்ந்தே மக்கிரும். ஸ்க்ரூடிரைவரால தட்டுனா மேல பெயிண்ட்டு நல்லாருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல, கருப்பா ஈரத் தூளு, அதுக்குள்ள ஒரு மண்புழு உயிரோட. தேக்க அறுத்து வெக்கலாம்னு ஆசாரி சொன்னாரு, வேணாம்னு சதுரக் குழாய் வெச்சு வெல்டிங் பண்ணி தண்ணி எறங்க ஓட்டை விட்டாச்சு. அசலு மாதிரியே வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது புடிக்காது, அவங்க நம்ம ஊரு மழையில வண்டி ஓட்டுனதில்ல.

அசலுன்னு சொன்னதும் ஒண்ணு. நம்மளுது வில்லிஸா ஃபோர்டான்னு நீ கேட்டுக்கிட்டே இருப்பியே. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல ரெண்டு கம்பெனியும் ஒரே ஜீப்ப 6 லட்சத்துக்கும் மேல செஞ்சுது. சேசிஸ்ல ரேடியேட்டருக்குக் கீழ இருக்கிற குறுக்குக் கட்டை உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ், கவுத்த வாய்க்கா மாதிரி இருந்தா ஃபோர்டு. நம்மளுது குழாய். ஆனா பாடிய கழுவுனா பாதி போல்ட்டுத் தலையில எஃப்புன்னு ஃபோர்டு எழுத்து. பட்டாளம் விட்டுட்டுப் போன வண்டிங்கள பிரிச்சு சேத்துத்தான நம்ம பர்மாவுல ஜீப்பு ஓடுச்சு, எது எவன் வீட்டுதுன்னு எப்படி சொல்றது. உங்க ஐயா 87ல 25, 35, 75 சாட்டு (பர்மா காசு) நோட்டு செல்லாதுன்னு அறிவிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மொத்தக் காசையும் குடுத்து இத வாங்குனாரு, வீட்டுல எல்லாரும் திட்டுனாங்களாம். நோட்டு செத்ததும் அப்பத்தா வாயே தொறக்கலையாம். அவரு இன்னொண்ணும் பெருமையா சொல்லுவாரு, 1970ல வண்டியெல்லாம் வலது பக்கம் ஓட்டணும்னு மாத்துனதுக்கப்புறம் ஊர்ல மத்த வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங் தப்பான பக்கம், ஜீப்புக்கு மட்டும்தான் சரியான பக்கம்னு.

இஞ்சின் அதேதான், ஆனா சும்மா விடல. சிலிண்டருக்கு சிலீவு அடிச்சு புது பிஸ்டன், வால்வு தேச்சு உக்கார வெச்சது. கொயிலுக்குப் போற கரண்ட்ட விட்டு விட்டு வெட்டுற பாயிண்ட்ட எடுத்துட்டு எலக்ட்ரானிக் போடலாம்னு நீ சொன்னதுல அப்பாவுக்கு அரை மனசு, எனக்கு இல்ல. பாயிண்ட்டு கருகுனா நகம் தேய்க்கிற அரத்தால தேச்சு 20 தவ்வுக்கு, அதாவது ஒரு இஞ்சில ஆயிரத்துல இருபது பங்குக்கு, இடைவெளி வெச்சா ரப்பர் தோட்டத்து நடுவுலேர்ந்துகூட வீடு வந்து சேரலாம், அந்த எலக்ட்ரானிக் டப்பா செத்தா தாய்லாந்து எல்லைக்குப் போற மியாவடி ரோடு தொறக்குற வரைக்கும் உக்காந்திருக்கணும்.

கலரு ராணுவப் பச்சை அடிக்கல. அந்தக் கலர்ல ரோட்டுல போற காலமா இது, புரிஞ்சுக்க. வெளிர் நீலம், உள்ள கிரீமு. சீட்டு துணி நான் தச்சது. சீட் பெல்ட்டுக்கு தகட்டுல வெறும் ஓட்டை போட்டா பிச்சுக்கிட்டு வரும்னு கீழ கனத்த பிளேட்டு வெச்சு போல்ட்டு போட்டிருக்கு. ஏசி கேட்டியே, கதவே இல்லாத வண்டிக்கு ஏசி எதுக்குடா.

ராத்திரி வேலைக்கு கரண்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது, வெல்டிங்கு எல்லாம் ஜெனரேட்டர்லதான். ஆனா சின்ன வேலைக்கு ஜீப்பே வெளிச்சம் குடுக்குது. ஹெட்லைட்டுக்கு ஒரு காது நட்டு இருக்கு, அத கழட்டி லைட்ட அப்படியே பின்னாடி மடக்குனா இஞ்சின் மேலயே அடிக்கும், பட்டாளத்துக்காரன் இருட்டுல ரிப்பேர் பண்ணன்னு வெச்சது. போன வாரம் பவர் இல்லாதப்ப அதுலதான் டாப்பெட் கவர மூடுனோம், ஈசல் வேற, கார்ப்பரேட்டர் வாய துணியால அடைச்சு வெச்சுக்கிட்டு.

மலை எறக்கத்துல ஓட்டிப் பாத்தாச்சு. மூணாவது கியர்ல வந்து மிதிச்சாரு, நேரா நின்னுச்சு, ஒரு பக்கமும் இழுக்கல. அடுத்து முடோன் பக்கம் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தோம், நாப்பது மைலுக்கு மேல போனா பல்லு சக்கரம் ஊளையிடுது, அது அப்படித்தான், டிஃபரன்ஷியல் 4.88, ஷாஃப்ட்டு அத்தன சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து, மெதுவா இழுக்குறதுக்கு செஞ்சது. அவசரம்னா பஸ்ல போ.

இப்ப உனக்கு ஒரு வேலை. தை மாசம் சிவகங்கைக்கு கல்யாணத்துக்குப் போறல்ல, மெட்ராஸ்ல எறங்குனதும் ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போயி இஞ்சின் மூடிக்கு அடியில வெக்கிற ஹெட் கேஸ்கட்டு ரெண்டு, வாட்டர் பம்ப்பு ஒண்ணு வாங்கிட்டு வா. மகிந்திரா ரொம்ப காலம் வில்லிஸ் ஜீப்பு செஞ்சதால அங்க கிடைக்கும். ஆனா கேஸ்கட்டுல கவனம், கடைக்காரரு எஃப் ஹெட்ட எடுத்து நீட்டுவாரு, அதுல ஒரு வால்வு ஹெட்டுலயே இருக்கும், நம்மளுக்கு ஆகாது. நம்மளுது எல் ஹெட்டு, ரெண்டு வால்வும் பிளாக்குல. பழசோட போட்டோவும் ஓட்டையெல்லாம் அளந்த தாளும் நெட்டு வந்ததும் அனுப்புறேன், வெச்சுப் பாத்து வாங்கு. பெட்டியில அடியில தட்டையா வை, மடங்குச்சுன்னா தூரப் போட வேண்டியதுதான்.

அம்மா