இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவான ஒருவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஜாவ் யுன்லெய் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் பேட்மிண்டன் பற்றி எழுதப்படுவதே குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதி ஒற்றையர் ஆட்டத்துக்கே போய்விடுகிறது. லின் டானையும் லீ சோங் வெய்யையும் நன்றாக அறிந்த எங்கள் வாசகர்கள் பலருக்கு, ஒரே ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் இரண்டு தங்கம் வென்ற முதல் ஆட்டக்காரர் சீனாவைச் சேர்ந்த நீங்கள்தான் என்ற செய்தி இன்னும் எட்டவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊர்களில் விடிவதற்குள் விளக்குப் போட்டு ஆடப்படும் ஷட்டில் பெரும்பாலும் இரட்டையர்தான். ஒற்றையர் ஆட ஒருவர் கோர்ட்டைப் பிடித்துக்கொண்டால் வெளியே காத்திருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆடுவது ஒன்றாகவும் பேசுவது வேறொன்றாகவும் இருக்கும் இந்த வழக்கத்தைக் கொஞ்சமாவது சரிசெய்யலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இரட்டையர் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெற்றி இருவருடையது, அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது. ஒருவர் எழுப்பிய பந்தை இன்னொருவர் அடித்து முடிக்கிறார். புள்ளி ஜோடியின் பெயரில் ஏறுகிறது. ஒருவருடைய திறமையைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் துணையை மாற்றிப் பார்க்க வேண்டும், முடிந்தால் ஆட்ட வகையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை உலக அரங்கில், பல ஆண்டுகள், வெளிப்படையாகச் செய்து காட்டியது உங்கள் வாழ்க்கை என்பது என் எண்ணம். மகளிர் இரட்டையரில் தியான் சிங், கலப்பு இரட்டையரில் ஜாங் நன். இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவாக இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இரண்டு பிரிவுகளில் ஒரே நேரத்தில் ஆடுவது உங்களோடு தொடங்கிய வழக்கமல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் கில் யங் ஆ கலப்பு இரட்டையரில் தங்கமும் மகளிர் இரட்டையரில் வெள்ளியும் பெற்றார். உங்கள் ஹூபெய் மாகாணத்திலிருந்தே வந்த காவ் லிங் 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் ஜாங் ஜுன்னுடன் கலப்பு இரட்டையர் தங்கம் வென்றார். மகளிர் இரட்டையரில் அவருக்கு முதலில் வெண்கலமும் பிறகு வெள்ளியும்தான் கிடைத்தன. ஒன்றில் தங்கம் வந்தால் இன்னொன்று நழுவும் என்பதே அதுவரை வழக்கமாக இருந்தது. உடல் ஒன்றுதான், ஆனால் ஆட வேண்டிய ஆட்டங்களோ இரண்டு மடங்கு.

உங்களுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. 2009-இல் உலகச் சாம்பியன் போட்டி ஹைதராபாத்தில் நடந்தபோது செங் ஷூவுடன் மகளிர் இரட்டையர் இறுதிக்கு வந்து, உங்கள் நாட்டின் ஜாங் யாவென், ஜாவ் திங்திங் ஜோடியிடம் தோற்றீர்கள். அடுத்த ஆண்டு ஜாங் நன்னுடன் ஆல் இங்கிலாந்து பட்டம் வந்தது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தியான் சிங்குடன் தங்கம் வென்றீர்கள், கலப்பு இரட்டையர் இறுதியிலோ கொரிய ஜோடி உங்களை வென்றது. 2011-இல் லண்டன் வெம்பிளி அரங்கில் உலகச் சாம்பியன் போட்டி. அங்கே கதை தலைகீழானது: கலப்பு இரட்டையரில் பட்டம், மகளிர் இரட்டையர் இறுதியில் வாங் ஷியாவ்லி, யூ யாங் ஜோடியிடம் தோல்வி. அந்த ஜோடியின் பெயர் அடுத்த ஆண்டு அதே அரங்கில் எப்படி அடிபடப்போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

லண்டனுக்குப் போகும் முன், ஆடாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகளிர் இரட்டையரும் கலப்பு இரட்டையரும் ஒரே கோர்ட்டில் ஆடப்படும் இரண்டு வேறு ஆட்டங்கள். கலப்பு இரட்டையரில் ஆண் சர்வீஸ் போடும்போதுகூடப் பெண் அவருக்கு முன்னால், வலையை ஒட்டிய கோட்டருகில் நிற்பார். பந்து அவர் தோளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் பிறகு முன்பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. எதிராளியின் பந்து வலைக்கு ஒரு சாண் மேலே வந்தாலும் மட்டையை நீட்டித் தட்டிவிட வேண்டும். யோசித்தால் பந்து கடந்துவிடும். மகளிர் இரட்டையரில் அந்தப் பங்கீடு இல்லை. ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் அவ்வளவு சுலபமாகத் தரையைத் தொடாது, திரும்பத் திரும்ப எடுக்கப்படும். ஒரு புள்ளிக்காக இரு பக்கமும் மாறி மாறி அடிக்கும் ரேலிகள் ஐம்பது அடிகளைத் தாண்டுவது அரிதல்ல. இருவரும் பக்கவாட்டில் நின்று தடுக்கவும், சட்டென முன்னும் பின்னுமாக மாறித் தாக்கவும் வேண்டும். ஒன்று கண்ணிமைக்கும் நேரத்து முடிவுகளால் ஆனது, மற்றது பொறுமையால் ஆனது. உங்களை வீழ்த்த நினைத்த கலப்பு ஜோடிகள், பெண்ணைப் பின்னுக்குத் தள்ளினால் ஆட்டம் குலையும் என்ற வழக்கமான உத்தியைத்தான் பயன்படுத்தினார்கள். நான் பார்த்த வரையில் அது உங்களிடம் பெரிதாகப் பலிக்கவில்லை. பின்பகுதியில் நின்று அடித்துப் பழகிய மகளிர் இரட்டையர்க் கை உங்களுக்கு இருந்தது. அதேபோல மகளிர் ஆட்டத்தில் வலையருகே பந்து மிதந்தால் கலப்பு இரட்டையரில் கூர்மையான கை விழித்துக்கொண்டது. இரண்டில் ஆடியது உங்களைக் களைப்பாக்கியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை இன்னொன்று வளர்க்கவும் செய்தது.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய இடத்துக்கு வருகிறேன்.

2012 லண்டனில்தான் ஒலிம்பிக் பேட்மிண்டனில் முதன்முறையாகக் குழுச் சுற்று கொண்டுவரப்பட்டது. மகளிர் இரட்டையரில் நான்கு குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு ஜோடிகள் கால் இறுதிக்கு. உங்கள் குழுவின் கடைசி ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டினா பெடர்சன், கமில்லா ரிட்டர் யூல் ஜோடி உங்களையும் தியான் சிங்கையும் வென்றது. நீங்கள் இரண்டாம் இடத்துக்கு இறங்கினீர்கள். அதனால், வாங் ஷியாவ்லி, யூ யாங் ஜோடி தங்கள் குழுவில் முதலிடம் பெற்றால் இறுதிக்கு முன்பே உங்களோடு மோத வேண்டிய நிலை உருவானது. ஜூலை 31 இரவு நடந்ததை உலகமே பார்த்தது. அவர்களும் எதிரே நின்ற கொரிய ஜோடியும் சர்வீஸை வலையிலும் வெளியிலும் அடித்து, தோற்பதற்குப் போட்டியிட்டார்கள். அந்த ஆட்டத்தின் மிக நீண்ட ரேலி நான்கே அடிகள். காசு கொடுத்து வந்தவர்கள் கூச்சலிட்டார்கள், நடுவர் எச்சரித்தார், ஒன்றும் பலிக்கவில்லை. அடுத்து இன்னொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதையே செய்தன. மறுநாள் நான்கு ஜோடிகளும், எட்டுப் பேரும், தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உங்கள் தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போ மன்னிப்புக் கேட்டார்.

(அன்றைய கலவரத்தில் எங்கள் பக்கத்து வருத்தமும் ஒன்று உண்டு. இந்தியாவின் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் ஜப்பான், தைவான் ஜோடிகளோடு சம வெற்றிகள் பெற்றும், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெளியேறினார்கள். தைவானிடம் ஜப்பான் தோற்ற விதத்தைப் பற்றி இந்தியா அளித்த புகார் ஏற்கப்படவில்லை. மறுபுறம், குழுவில் எல்லா ஆட்டங்களையும் தோற்றிருந்த, மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ரேணுகா வீரன், தன் துணை லியான் சூவுடன் கால் இறுதிக்கு அழைக்கப்பட்டார்.)

அந்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், போட்டியில் வலுவான ஜோடிகள் வெளியேறியதால் தங்கம் உங்களுக்கு எளிதாக வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. டென்மார்க்கிடம் நீங்கள் தோற்றதையே முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தத் தோல்வியால் சீன அணிக்கு எந்த லாபமும் இல்லை. இரு சீன ஜோடிகள் இறுதியில் சந்திக்கும் வாய்ப்பை அதுதான் கெடுத்தது. கணக்குப் போட்டுத் தோற்றவர்கள் நிறைந்த அந்த நாளில், உங்கள் தோல்வியில் எந்தக் கணக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் ஆடினீர்கள், எதிராளி அன்று உங்களைவிட நன்றாக ஆடினார், அவ்வளவுதான். விளையாட்டில் தோல்வி என்பது அப்படித்தான் வர வேண்டும்.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி கலப்பு இரட்டையர் அரை இறுதியில் வலைக்கு அப்புறம் அதே பெடர்சன், இம்முறை யோவாக்கிம் பிஷருடன். மூன்றாவது கேம் வரை இழுத்த ஆட்டத்தை வென்றீர்கள். 3-ஆம் தேதி இறுதியில் ஷூ சென், மா ஜின் ஜோடியை 21-11, 21-17 என்று வென்று முதல் தங்கம். மறுநாளே மகளிர் இரட்டையர் இறுதி, எதிரே ஜப்பானின் மிசுகி ஃபுஜீ, ரெய்கா ககீவா. முதல் கேம் 21-10 என்று சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் ஜப்பானியர் விடவில்லை, இருபதைத் தாண்டியும் இழுபறி நீடித்து 25-23-இல்தான் முடிந்தது. முந்தைய நாள் தங்கம் வென்றுவிட்ட ஒருவருக்கு, இருபதுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு சர்வீஸையும் அதே கவனத்தோடு எடுக்க எங்கிருந்து பசி வந்தது என்று நான் வியந்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் சந்தேகம் கொள்கிறவர்களுக்கு, 2014, 2015 உலகச் சாம்பியன் போட்டிகளே பதில். 2014 கோபன்ஹேகனில் மகளிர் இரட்டையர் இறுதியில் நீங்களும் தியான் சிங்கும் வென்றது வாங் ஷியாவ்லி, யூ யாங் ஜோடியை. லண்டனில் உங்களைச் சந்திக்காமலிருக்கத் தோற்றவர்களை, இரண்டு ஆண்டு கழித்து நேருக்கு நேர் நின்று. 2015 ஜகார்த்தாவில் இறுதியில் எதிரே நின்றவர்கள் பெடர்சனும் ரிட்டர் யூலும். முதல் கேமை 23-25 என்று விட்டுக்கொடுத்து, அடுத்த இரண்டையும் 21-8, 21-15 என்று எடுத்தீர்கள். லண்டனில் வெல்லாத கணக்கு என்று யாராவது எதையாவது பாக்கி வைத்திருந்தால், இந்த இரண்டு இறுதிகளில் அது தீர்ந்தது. இரண்டு போட்டிகளிலும் அதே நாளில் ஜாங் நன்னுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றீர்கள் என்பதை ஏனோ பலரும் ஓர் உபரித் தகவலாகவே சொல்லிச் செல்கிறார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு உலகப் பட்டங்கள், அதுவும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில்.

2016 ரியோவில் கலப்பு இரட்டையரில் மட்டும் ஆடினீர்கள். அரை இறுதியில் இந்தோனேசியாவின் தொந்தொவி அகமது, லிலியானா நட்சிர் ஜோடி உங்களை நேர் கேம்களில் வென்று, பிறகு தங்கமும் பெற்றது. நட்சிர் வலையருகே ஆடியதைப் பார்த்தால், அன்று அவர் உங்களைவிட ஒரு படி மேலே இருந்தார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மீண்டும் ஷூ சென்னும் மா ஜின்னும். அதில் உங்களுக்கு வெற்றி. ஜாங் நன்னோ சில நாட்களில் ஃபூ ஹைஃபெங்குடன் ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்றார். ஆகவே இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவானவர் என்று நான் மேலே சொன்ன வாதம் அவருக்கும் பொருந்தும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. துணை மாறினாலும் வெல்லத் தெரிந்த இருவர் ஒரே ஜோடியில் அமைந்தது சீனாவின் நல்லூழ்.

லண்டன் சம்பவத்துக்குப் பிறகு விதியும் மாறியது. இரட்டையரில் குழுச் சுற்று முடிந்ததும் இரண்டாம் இடம் பெற்ற ஜோடிகளுக்குப் புதிதாகக் குலுக்கல் நடத்தப்படுகிறது. தோற்றால் யாரைச் சந்திப்போம் என்று முன்கூட்டியே கணக்கிட முடியாது. நேர்மையை மனிதர்களிடம் மட்டும் விட்டுவைக்காமல் அட்டவணையிலும் கொஞ்சம் ஏற்றிவைத்தது நல்ல வேலை என்றே நினைக்கிறேன். வெல்வதே நஷ்டமாகும்படி ஓர் அட்டவணையைப் போட்டுவிட்டு, ஆட்டக்காரர்களை மட்டும் குற்றவாளிகளாக்கியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவர்கள் செய்தது தவறு. அமைப்பாளர்களும் அதில் பங்காளிகள்.

உங்களிடம் கேட்க எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. டென்மார்க்கிடம் தோற்ற அன்று, அந்தத் தோல்வியை வைத்து உங்கள் சக ஆட்டக்காரர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது உங்களுக்கும் தியான் சிங்குக்கும் எப்போது தெரியவந்தது? இரண்டாவது கேள்விதான் கோர்ட்டில் நிற்கும் எங்களுக்கு அதிகம் பயன்படும்: கோபன்ஹேகனிலும் ஜகார்த்தாவிலும் ஒரு இறுதி முடிந்து, மற்றொன்றுக்காக அதே தரையில் இன்னொரு துணையோடு இறங்கும்போது, நிற்கும் இடத்தையும் மட்டையின் உயரத்தையும் பார்வையையும் எப்படி மாற்றிக்கொண்டீர்கள்? முதல் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல விரும்பாவிட்டால் எனக்குப் புரியும். இரண்டாவதற்காவது, இளம் இரட்டையர்களுக்குப் பயிற்சி தரும் ஏதாவது ஓர் அரங்கில், மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஒருநாள் விரிவாகச் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
தமிழில் எழுதும் ஓர் இரட்டையர் ரசிகன்