கல்லறைத் தோட்டப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், முதலில் நம் தவறை.

ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த துப்புரவுப் பணியில் ஒரு சலவைக்கல்லை ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டோம். கல் பளிச்சென்று ஆனது. மழையில் ஏற்கெனவே மங்கியிருந்த எழுத்து அதோடு போயிற்று. சலவைக்கல் அமிலத்தில் கரையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். அதன் பழைய படமும் நம்மிடம் இல்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். முதலில் படம், பிறகு படியெடுப்பு, கடைசியில்தான் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும். தேய்ந்த எழுத்தைப் படிக்க அதன் மேல் சாக்பீஸ் பூசுவதையும் நிறுத்திவிட்டோம். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் தேய்ந்த எழுத்திலும் நிழல் விழுகிறது. இன்னாரின் மனைவி என்று மட்டும் நாம் குறித்து வைத்திருந்த ஒரு கல்லில், புல் மறைத்திருந்த கடைசி வரியில், பொடி எழுத்தில் அந்த அம்மாளின் சொந்தப் பெயரே இருந்தது.

1918 இன் கடைசி மாதங்களைக் காட்டும் கற்களில் இருபது, முப்பது வயதுக்காரர்களே அதிகம். அந்த ஆண்டின் விஷக் காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா) இளவயதினரைத்தான் அதிகம் கொண்டுபோனது. கல்லில் செதுக்கிய உருவங்களும் பேசுகின்றன: ஒடிந்த தூண் பாதியில் முடிந்த வாழ்வுக்கு அடையாளம், ஆட்டுக்குட்டி குழந்தைக்கு. ஆனால் இதெல்லாம் கல் வைக்க வசதி இருந்தவர்களின் கதை. மரச்சிலுவை நட்டவர்கள் இன்று வெறும் புல்தரை. அவர்களைத் தேட அடக்கப் பதிவேடு ஒன்றுதான் வழி. பதிவேட்டைப் படமெடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது.

பழைய கல்லறை மேடை ஒன்றுக்கு சிமெண்ட் பூசித் தர ஒருவர் முன்வந்தார். மறுத்தோம், அவருக்கு வருத்தம்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதைச் சிமெண்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிரும்.

உறுப்பினர் வீடுகளில் அடக்க நாளில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் கொடுங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறோம். நாம் தேய்த்த அந்தக் கல், ஏதாவது ஒரு படத்தின் ஓரத்திலாவது நிற்கலாம்.

அறிக்கையை ஏற்றருள வேண்டுகிறேன்.

செயலாளர்